ஜன்னலோரக் கட்டில் புரொபசர்

அறுபதுகளில் திண்டிவனத்தில் பயிற்சி பெற்ற டாக்டர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு மனிதரின் மார்பில் குழாய் வைத்துத்தான் டாக்டர் ஆனார்கள். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், எங்கள் கூட்டத்தில் யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்தி, “புரொபசர்” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் எங்கள் புரொபசர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தொழில், மல்லாட்டைத் தரகு. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். மண்டியில் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுப்பார், காதருகே வைத்து ஆட்டுவார், “முத்தல்” என்பார், அல்லது “பொக்கு” என்பார். பொக்கு என்றால் உள்ளே பருப்பில்லாத வெறும் ஓடு. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, பெரிய குரல், தோளில் எப்போதும் ஒரு துண்டு. சட்டை போடுவார், ஆனால் பொத்தான் வைக்கமாட்டார். தையல்காரரிடமே சொல்லிப் பொத்தான் இல்லாமல் தைத்துக்கொள்வார். “டாக்டருங்க வந்து நிக்கும்போது ஒண்ணொண்ணா அவுத்துக்கினு இருக்க முடியுங்களா? ஜல்தியா வேலை ஆவணும்” என்பது அவர் விளக்கம்.

அப்படி என்ன இருந்தது அந்த மார்பில்? சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. நமக்கெல்லாம் இதயம் லப்டப் என்று அடிக்கும். அவருக்கு ஒரு லப்டப்புக்கும் அடுத்த லப்டப்புக்கும் நடுவில் தணிந்த குரலில் ஓர் உறுமல் ஓடும். ‘மர்மர்’ என்போம் நாங்கள். இந்த வகை மர்மரைக் காதால் பிடிப்பது லேசில்லை. அது பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்த நெஞ்சையும் கேட்கலாம் என்ற தைரியம் வந்துவிடும்.

இப்போது மானியக் கதைக்கு வருகிறேன். டாக்டருக்குப் படித்தவர்கள் எல்லாரும் மெட்ராஸிலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், கிராமத்தில் காய்ச்சலுக்கு ஊசி போட ஆளில்லை என்பது அரசாங்கத்துக்கு ஒருநாள் திடீரென்று உறைத்தது. உடனே சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மானியம் தர ஆரம்பித்தார்கள். இளம் டாக்டர்களை அங்கே வைத்துக்கொண்டு பிரசவம், பாம்புக்கடி, வாந்திபேதி என்று எல்லாவற்றையும் பழக்க வேண்டும். சம்பளம், தங்க இடம், ஒரு ஜீப் எல்லாம் சர்க்கார் செலவு. பழகியவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வருஷத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து அதிகாரி வந்து, பையன்களும் பெண்களும் படிக்கிற அளவுக்கு இங்கே விதவிதமான நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்ப்பார். இல்லையென்றால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அதுவரை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர்தான். அவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்போம். அவர் எழுதிப் போட்டு, அலைந்து, அந்த மானியத்தை வாங்கிவிட்டார். முதல் வருஷப் பயிற்சிக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. இன்னொருவர் ராமநாதன். மெட்ராஸ்காரர், இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். நான் விழுப்புரம் ரயில்வே காலனியில் கார்டு மகளாகப் பிறந்தவள். ஷண்டிங் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த காது என்னுடையது.

முதல் நாள் வார்டுக்குள் நுழைந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “வாங்க, வாங்க டாக்டரம்மா. குழாய் கொண்டாந்தீங்களா?” என்றார். அவர்தான் புரொபசர்; மண்டி வேலை இல்லாத நேரமெல்லாம் அந்தக் கட்டில்தான் அவருக்கு. நான்தான் நோயாளி, அவர் டாக்டர் என்பது போல இருந்தது. எனக்கு எரிச்சல். படுக்கச் சொல்லிக் குழாயை வைத்தேன்.

“இன்னா கேக்குது?” என்றார்.

“லப்டப் கேக்குது.”

“அது கழுதைக்கும் கேக்கும்மா. தட்டைப் பக்கம் வேணாம், குழாயைத் திருப்பி மணிப் பக்கம் வையுங்க. அழுத்தாதீங்க, பட்டும் படாம வையுங்க. இருங்க, இடது பக்கமா ஒருக்களிச்சுக்கறேன். மூச்சை வுட்டுட்டு நிறுத்திக்கறேன். ம்... இப்ப கேளுங்க.”

கேட்டேன். பெரிய டாக்டரிடம் படுத்துப் படுத்தே அவர் கற்ற வித்தை இது என்று அப்புறம் தெரிந்தது; அன்றைக்கு எனக்கு லப்டப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூச்சை அடக்கி அடக்கி முகம் கறுத்துப்போனதுதான் மிச்சம். அன்று சாயங்காலம் பெரிய டாக்டரிடம் அவர் சொன்னது வராந்தாவில் நின்ற என் காதில் தெளிவாகவே விழுந்தது. “அய்யா, வந்ததுல ஒண்ணு பொக்குங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். கட்டாமல் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஒருநாள் காலை, தூரத்தில் கூட்ஸ் வண்டி பாலம் ஏறுகிற மாதிரி, தடதடவென்று அடங்கிய குரலில் அது வந்தது. “கேட்டுடுச்சு!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். புரொபசர் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பல். வெளியே டீக்கடைக்கு ஆள் அனுப்பி வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். வயிற்றுப்போக்குக்காகப் படுத்திருந்த ஒருவருக்கும் கொடுத்துவிட்டு நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினார்.

அவர் அறிவு இதயத்தோடு சரி. அதைத் தாண்டினால் பூஜ்யம். கேப்பைக் கூழைக் கண்ணில் விட்டால் பார்வை துலங்கும் என்பார். காமாலைக்கும் காலாணிக்கும் ஒரே வேரைச் சிபாரிசு செய்வார். ஆனாலும் காலையில் எங்களோடு ரவுண்ட்ஸ் வருவார். நாங்கள் ஒவ்வொரு கட்டிலாக நிற்க, பின்னால் துண்டைப் போட்டுக்கொண்டு அவரும் நிற்பார். வெறும் காய்ச்சல்காரர் யாராவது படுத்திருந்தால் அவருக்குப் பிடிக்காது. “இன்னாய்யா இது, காய்ச்சலுக்கெல்லாம் கட்டிலு? மானியம் வாங்கற ஆஸ்பத்திரிய்யா இது! மண்ணீரல் கிண்ணீரல் ஏதாவது வீங்கியிருந்தா படு” என்பார். இப்படி எழுந்து ஓடிப்போன இரண்டு பேரைப் பஸ் ஸ்டாண்டு வரை போய் நாங்கள் கூட்டிவர வேண்டியிருந்தது.

பெரிய டாக்டர் எங்களைச் சோதிக்கும்போது புரொபசர் காப்பியடிக்கவும் உதவுவார். அவருக்குப் பிடித்தவர்கள் தடுமாறினால், போர்வைக்கு வெளியே விரலை அசைத்து ஜாடை காட்டுவார். பிடிக்காதவர்கள் பாடு திண்டாட்டம். ராமநாதன் ஒருநாள் வணக்கம் சொல்லாமல் வந்து நின்றார். பெரிய டாக்டர் கேள்வி கேட்டதும் புரொபசர் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு “அம்மாடீ” என்று முனகினார். ராமநாதன் நெஞ்சை விட்டுவிட்டுக் கல்லீரலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். அன்றிலிருந்து இஸ்திரி மடிப்போடு வளைந்து வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டார்.

இதெல்லாம் போகட்டும். ஆள் பிடிக்கவும் கிளம்பிவிடுவார் என்பதுதான் பெரிய பேஜார். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகிற கூட்டம் திண்டிவனத்தில் பஸ் மாறும். மனிதர் அங்கே போய் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். கழுத்து வீங்கியவர், கால் வீங்கியவர், மூச்சு இழுக்கிறவர் யாரும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஒருமுறை மரக்காணத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்த ஒரு மீனவரை மடக்கிவிட்டார். அந்த ஆளுக்கு ஒரு கால் யானைக்கால்.

“அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் குடுக்கறியா?”

“இன்னாய்யா, காலைக் கேக்கறே? கருவாடு வேணும்னா கேளு!”

“சும்மா தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடுவாங்கண்ணே. புது டாக்டருங்க, படிக்கிற பசங்க. கூடையை நான் தூக்கிக்கினு வர்றேன்.”

கூடையைத் தூக்கக்கூடாத இதயம் அது. தூக்கிக்கொண்டுதான் வந்தார். வார்டில் மூச்சிரைக்க நின்று, “அய்யா, நல்ல சரக்கு கொண்டாந்திருக்கேன்” என்று பெரிய டாக்டரிடம் ஒப்படைத்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கருவாட்டு வாசனை போகவில்லை. ஆனால் யானைக்காலைப் பற்றி நாங்கள் புத்தகத்தில் படித்ததைவிட அந்த அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

வருஷம் முடிய, மேலதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. இந்த ஆஸ்பத்திரி ரொம்பச் சின்னது, மானியத்தை வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள் என்று. பெரிய டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புரொபசர் மட்டும், “நான் இருக்கேன் இல்ல? எதுக்கு விசாரம்?” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் கணக்கு என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது. மர்மர் சரியாகக் கேட்கவில்லையென்றால் நாங்கள் அவரை நாலு முறை எழுந்து உட்காரச் சொல்வோம். உடம்பு அசைந்தால் இதயம் வேகம் பிடிக்கும், உறுமல் கொஞ்சம் எழும்பும். நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் இவ்வளவு சத்தம் என்றால், மண்டியிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓடினால் எவ்வளவு சத்தம் வரும்? வருகிற அதிகாரியும் டாக்டர்தான், ஆனால் வயதானவர், காது மந்தமாக இருந்தால் என்ன செய்வது? மனிதர் யோசித்தார். யோசித்துவிட்டு ஓடினார். சும்மா ஓடினால் போதாதென்று தோளில் அரை மூட்டை மல்லாட்டை வேறு. பின்னாலேயே அவர் மனைவி அஞ்சலை, “பாவி மனுசா, நில்லுய்யா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

அதிகாரி வார்டுக்குள் கால் வைக்கவும் புரொபசர் கட்டிலில் விழவும் சரியாக இருந்தது. படுக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. வாயோரம் சிவப்பு நுரை. அந்த நிலையிலும் சட்டையை விலக்கி, “இப்ப... கேளுங்கய்யா... நல்லா... கேக்கும்...” என்றார்.

பெரிய டாக்டர் அப்போது பிரசவ அறையில் இருந்தார். நடுவில் விட்டுவிட்டு வர முடியாத கேஸ். நானும் ராமநாதனும்தான். அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கப்போட்டோம். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். ராமநாதன் மார்ஃபின் ஊசி போட்டார். நெஞ்சுக்கு ஏறுகிற ரத்தத்தைக் குறைக்க, கைகால்களில் ரப்பர் குழாயைக் கட்டி, மாற்றி மாற்றி அவிழ்த்தோம். ராமநாதனின் மடிப்புக் கலையாத சட்டை முழுக்க நுரையும் வியர்வையும். அந்த மேலதிகாரி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆக்ஸிஜன் முகமூடியைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றார்.

மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. பேச்சு வந்ததும் புரொபசர் கேட்ட முதல் கேள்வி, “அய்யா கேட்டாருங்களா?” என்பதுதான்.

“கேட்டேன்யா, கேட்டேன். மெட்ராஸ் வரைக்கும் கேட்டிருக்கும்” என்றார் அதிகாரி.

மானியம் இன்னொரு வருஷத்துக்குக் கிடைத்துவிட்டது. பெரிய டாக்டர் இல்லாமலே ஓர் உயிரைப் பிடித்து நிறுத்துகிற டாக்டர்கள் இங்கே தயாராகிறார்கள் என்று அதிகாரி மனம் நிறைந்து சொன்னார். போகும்போது எங்களைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். “இந்த மனுஷன் இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்கமாட்டார். உடனே மெட்ராஸுக்கு அனுப்புங்கள். விலாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு வால்வை அகலப்படுத்துகிறார்கள். பிழைத்துக்கொள்வார்.”

புரொபசரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“ஆபரேசன் பண்ணா, உள்ள இருக்கிற சத்தம் இன்னா ஆவும்?”

“நல்லபடியா நடந்தா போயிடும்.”

“அப்ப வேணாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க நெஞ்சு என்ன பஞ்சாயத்து ரேடியோவா, ஊரே வந்து கேக்கறதுக்கு? செத்துப்போயிடுவீங்கய்யா! புரியுதா இல்லையா?” என்று வார்டென்றும் பார்க்காமல் கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்கு ஒரு தம்பி இருந்தான் டாக்டரம்மா” என்றார். “மல்லாட்டை பிடுங்கிக்கினு இருந்தப்போ விரியன் கடிச்சுடுச்சு. வண்டியில போட்டு இங்கதான் தூக்கியாந்தேன். டாக்டரு இருந்தாரு. ஒருத்தர்தான். அவரு அன்னிக்கு வானூர்ல இருந்தாரு, அங்க வாந்திபேதி. அவரு மேல தப்பு இல்ல. ஒரு மனுசன் எத்தினி எடத்துல இருப்பாரு? இப்ப இங்க எப்ப வந்தாலும் ரெண்டு பேராவது இருக்கீங்க. சத்தம் போயிடுச்சுன்னா பசங்க எதைக் கேட்டுப் படிப்பாங்க? மானியம் போயிடும். நீங்கள்லாம் பூடுவீங்க. மறுபடியும் ஒரே டாக்டரு.”

ஒரு நெஞ்சை நம்பி எந்தச் சர்க்காரும் மானியம் தருவதில்லை என்று பெரிய டாக்டர் சொல்லிப் பார்த்தார். ராமநாதன் படம் போட்டு விளக்கினார். அஞ்சலை அழுது பார்த்தாள், அப்புறம் திட்டிப் பார்த்தாள். கடைசியில் அவளே என்னிடம் வந்து, “அந்த ஆளுக்கு அழுதா புரியாதும்மா, படம் போட்டாலும் புரியாது. வெலை பேசினாத்தான் புரியும். துண்டைப் போட்டுப் பேசுங்க” என்றாள்.

மண்டியில் யாரும் வாய்விட்டு விலை சொல்லமாட்டார்கள். இருவர் கைமேலும் ஒரு துண்டை மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். எத்தனை விரலைப் பிடித்தார் என்பது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டுமே தெரியும். சம்மதமானால் கையைக் குலுக்குவார்கள். குலுக்கிய கைக்கு மறுபேச்சில்லை. ஒரு பெண்பிள்ளை துண்டுக்குள் கை விட்டு அந்த ஊர் கண்டதில்லை. தினமும் நாடி பிடிக்கிற கைதானே என்று நான் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். நர்ஸம்மா “ஐயோ டாக்டர்!” என்று ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

“இன்னா பேரம்?” என்றார் புரொபசர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“உங்க நெஞ்சுக்குப் பதிலா வேற நெஞ்சு. இதே மர்மர். நானே கண்டுபிடிச்சுக் கொண்டாந்து காட்டறேன். எத்தனை வேணும்? காட்டினா நீங்க மெட்ராஸ் போகணும்.”

துண்டை எடுத்துப் போட்டார். உள்ளே என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். நான் உதறிவிட்டு அவருடைய ஒற்றை விரலைப் பிடித்தேன். “சும்மா வெளாடாதீங்கம்மா” என்றார். மறுபடி நாலு. நான் இரண்டு. வார்டே கட்டில்களை விட்டு இறங்கி வந்து சுற்றி நின்றுவிட்டது. கடைசியில் மூன்று விரலில் வந்து நின்றது. கை குலுக்கினோம். “ஆனா ஒண்ணு, நான் கண்ணால பாக்காம சரக்கு எடுக்கமாட்டேன்” என்றார்.

மறுநாளே ஜீப்பில் கிளம்பினோம். முன் சீட்டில் அவர். மரக்காணம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். பெரியவர்களைத் தேடி அலைவதைவிடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டுவிடலாம் என்பது ராமநாதனின் யோசனை. நானும் அவரும் ஆளுக்கொரு வரிசை. நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும் என்று கேப்பை ரொட்டியெல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். தேவையே இருக்கவில்லை. ராமநாதன் வரிசையில் அதே மர்மரோடு ஒரு பையன், என் வரிசையில் ஒரு பையன். அப்புறம் செல்வி என்ற மீனவர் வீட்டுப் பெண். பத்து வயதிருக்கும், கோணல் வகிடு. ஓடிப்பிடித்து விளையாடும்போது இவள் மட்டும் உட்கார்ந்துவிடுவாள், சோம்பேறி என்றார் வாத்தியார். நெஞ்சில் குழாயை வைத்தேன். எங்கள் புரொபசரின் அதே உறுமல்.

“வாங்க, சரக்கைப் பாருங்க” என்று புரொபசரைக் கூப்பிட்டு என் குழாயை அவர் காதில் மாட்டினேன். எத்தனையோ பேர் தன் நெஞ்சைக் கேட்கப் படுத்துக்கொடுத்த மனிதர், தன் காதில் ஒருநாளும் அதை மாட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கேக்குதா?”

“ஏதோ தடதடங்குது.”

“அதான். உங்களுக்குள்ளயும் அதேதான் ஓடுது.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குழாயைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “எனக்கு இருந்தா சரி. குழந்தைக்கு எதுக்கும்மா இது?” என்றார். பேரத்தில் தோற்றுவிட்டதைக்கூட மறந்துவிட்டார். “இதுக்கும் ஆபரேசன் பண்ணா சரியாயிடுமா?”

“சரியாயிடும்.”

செல்வியின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். விஷயத்தைச் சொன்னதும் அவள் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “நெஞ்சைப் பொளக்கறதா? எம் பொண்ணு அப்படியே இருக்கட்டும். கடலம்மா பாத்துப்பா” என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன், அசையவில்லை. அப்போது புரொபசர் செல்வி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“இத்தைப் பாரு கண்ணு. எனக்கும் உனக்கும் உள்ள ஒரே சத்தம். நான் முன்னாடி போய்ப் பண்ணிக்கினு வர்றேன். நான் வந்தா நீ போ.”

செல்வி அவரைப் பார்த்துக் கேட்டாள். “நீ வரலைன்னா?”

“வரலைன்னா நீ போவாத” என்றார்.

அடுத்த வாரம் திண்டிவனம் ஸ்டேஷனில் ஆஸ்பத்திரியே நின்றது. அஞ்சலை ஒரு மூட்டை வறுத்த மல்லாட்டையோடு ஏறினாள். புரொபசர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ரவுண்ட்ஸ் ஒழுங்கா நடக்கட்டும், யாரும் லேட்டா வராதீங்க” என்று உத்தரவு போட்டார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலும் வாய் சும்மா இருக்கவில்லையாம். ஆபரேஷனுக்கு முதல்நாள்கூட, “தட்டைப் பக்கம் வேணாம் தம்பி, மணிப் பக்கம் வையி” என்று அங்கே படிக்கிற பையன்களை வாட்டியிருக்கிறார். நான் திண்டிவனத்தில் ஊசி போடுவதும் கட்டுப் போடுவதுமாக இருந்தேனே தவிர, மனசெல்லாம் அங்கேதான். அவர் செத்துப்போனால் நான்தானே விலை பேசி அனுப்பினேன் என்ற பயம். செல்வியும் போகமாட்டாள். அதற்கப்புறம் அந்தக் கடற்கரையில் ஒருத்தரும் போகமாட்டார்கள்.

அவர் வந்தார். இளைத்து, வெளுத்து, அஞ்சலை தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனால் ஸ்டேஷன் படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்கு. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த நோயாளி தானாகவே இறங்கி இடம் விட்டார். நாங்கள் சொல்லியனுப்பியிருந்ததால் செல்வியும் அவள் அம்மாவும் காலை பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார்கள். புரொபசருக்கு இடது மார்புக்குக் கீழே பெரிய தழும்பு. அதை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று செல்வி கேட்டாள். தொடவிட்டார்.

பெரிய டாக்டர் கேட்டார். ராமநாதன் கேட்டார். புதிதாக வந்திருந்த பயிற்சிக்காரர்கள் கேட்டார்கள். கடைசியில் நான். அவர் தானாகவே இடது பக்கம் ஒருக்களித்து மூச்சை நிறுத்திக்கொண்டார். மணிப் பக்கத்தை வைத்தேன், பட்டும் படாமல். லப்டப். லப்டப். நடுவில் ஒன்றுமில்லை.

“இன்னா கேக்குது டாக்டரம்மா?” என்றார், பரீட்சை முடிவு கேட்கிறவர் மாதிரி.

குழாயைக் கழற்றிச் செல்வி காதில் மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள்.

“ஒண்ணும் தடதடக்கல மாமா. சும்மா டொக்கு டொக்குனு அடிக்குது.”

“அவ்ளோதான் கண்ணு” என்றார் புரொபசர். “நீயும் ஜல்தியா போய்ட்டு வந்துடு.” செல்வியின் அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

செல்வி போனாள், திரும்பியும் வந்தாள். அவளைப் பார்த்து அந்தப் பையன்கள் இருவரும் போனார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்பது எங்கள் பயிற்சியிலேயே ஒரு பாடமாகிவிட்டது. மானியமும் எங்கேயும் போகவில்லை. பின்னால் எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அவன் வீறிட்டு அழுத சத்தம் காதில் விழுந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, அன்று அந்த நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லாமல் போனபோதும் அவ்வளவு சந்தோஷம்.